ரோலர் பிளைண்ட் போர்டுக்குப் பதில் இ.எஸ்.பி. 32: ஒன்றரை வருட அனுபவம்

திருவொற்றியூர் நண்பர் கேட்டார்: "ஜன்னல் திரை போர்டு பூடுச்சுப்பா, நானும் இ.எஸ்.பி. போட்டுக்கவா?" இ.எஸ்.பி. 32 என்பது நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் போர்டு; என் வீட்டுத் திரையை ஓட்டுவது அதுதான். பதில் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன். சொல்வதெல்லாம் ஹால் சென்சார் (மோட்டார் சுற்றச் சுற்ற பல்ஸ் அனுப்பும் காந்த சென்சார்) உள்ள 12 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு. மோட்டார் மேல் 230 வோல்ட் என்றிருந்தால் எதுவும் பொருந்தாது.

முதலில் நல்லது. பழைய போர்டில் ரிலே டக்கென்று அடிக்கும், திரை ஒரு குலுங்கு குலுங்கித்தான் கிளம்பும். இப்போது 20 கிலோஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம்.மில் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும் முறை) அரை நொடி எடுத்து மெல்ல வேகம் பிடிக்கிறது. அந்த மென்மை இன்றுவரை அலுக்கவில்லை.

இ.எஸ்.பி. சொன்னபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவருக்கு எல் 298 சிப் வேண்டாம். 2 வோல்ட் அதிலேயே சூடாகப் போய்விடும். துணி முழுக்கத் தொங்கும்போது ஏற்றத் திணறும். பி.டி.எஸ். 7960 மாட்யூல் போதும். அதன் வி.சி.சி. பின்னுக்கு (சிப்புகளுக்கு மின்சாரம் வரும் பின்) 5 வோல்ட் கொடுக்காமல் 3.3 கொடுங்கள். 5 கொடுத்தால் சிக்னலை வாங்கிக் கடத்தும் 74 எச்.சி. 244 சிப்புக்கு 3.5 வோல்ட் சிக்னல் வேண்டும், இ.எஸ்.பி. தருவதோ 3.3, ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. இன்புட் ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால் பூட் ஆகும்போது மோட்டார் துடிக்கும். 12 வோல்ட் லைனில் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இல்லையென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் இ.எஸ்.பி. ரீசெட் ஆகும்.

எரிச்சல் ஒன்றே ஒன்று: திரை சொன்ன இடத்தில் நிற்காது.

நொடிக் கணக்கில் ஓட்டினால் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் வேறு. பத்து தடவையில் விரற்கடை விலகிவிடும். அதனால் ஹால் பல்ஸ் எண்ணுங்கள், அந்த ஒயரின் புல்-அப் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்கு. மோட்டாரை நிறுத்திய பிறகும் சில பல்ஸ் வரும், அரை நொடி பொறுத்து எண்ணிக்கையைச் சேமியுங்கள். ஓடும்போது கரண்ட் போனால் எண்ணிக்கை பொய்யாகும். அதனால் கிளம்பும் முன் 'ஓடுகிறது' என்று ஃபிளாஷ் மெமரியில் ஒரு குறி, நின்றதும் அழிப்பு. திரும்ப பூட் ஆகும்போது குறி இருந்தால் மட்டும் 40 சதவீத வேகத்தில் மேலே முட்டும்வரை ஓட்டி, மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கும் ஐ.என்.ஏ. 219 சிப்பில் அளவு எகிறியதும் நிறுத்துங்கள். கிளம்பிய முதல் 300 மில்லிநொடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். கீழ் எல்லையை இப்படித் தேடவே கூடாது, முட்ட எதுவுமில்லை, உருளை துணியை எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். குறி பார்க்காமல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மேலேற்றினால், கிழக்கு ஜன்னலில் விடியற்காலை கரண்ட் வந்து போகும்போதெல்லாம் கடல் வெயில் முகத்தில் அடிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் தவறியது. புரோகிராமைத் துழாவி நேரம் வீணானதுதான் மிச்சம். காரணம் ஹால் கனெக்டர். காசிமேட்டு உப்புக்காற்றில் பின்களில் பச்சைக் களிம்பு, பல்ஸ் விட்டுவிட்டு வருகிறது. பழைய போர்டைக் கொன்றதும் இதே களிம்புதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் தீரும், திரும்பவும் வரும். கனெக்டரை வெட்டி நேராக சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, யு.எஸ்.பி. வாயை டேப்பால் மூடிவிட்டு போர்டு முழுக்க கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாமல் காக்கும் மெல்லிய பூச்சு) அடித்த பிறகு ஏழு மாதமாக ஒரு பல்ஸ்கூடத் தவறவில்லை.

ஆகவே நண்பருக்குப் பதில்: வேண்டாம்பா. அதே கம்பெனி போர்டு கிடைத்தால் அதையே வாங்கு, மாட்டும் முன் கோட்டிங் அடி. கிடைக்கவே இல்லையென்றால் இ.எஸ்.பி. போடு, ஆனால் முதல் நாளே கனெக்டரை வெட்டிவிடு.