முஸார் கணக்குத் தாள்: சுயநலத்துக்குச் சரி, பணிவுக்குப் பாதிதான்

முஸார் என்னும் யூதப் பண்புப் பயிற்சியில் இறங்குகிறவர் கைக்கு வரும் சாமான் மிக எளியது: 13 வரி, 7 பத்தி கட்டம் போட்ட தாள். 1808-இல் லெம்பெர்க்கில், அதாவது இன்றைய லிவீவ் நகரில், யூத எழுத்தாளர் மெனாஹெம் மெண்டல் லெஃபின் வெளியிட்ட 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' (ஆன்மாவின் கணக்கு) நூலில் உள்ள முறை இது. மூல யோசனை அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடையது. லெஃபின் நூலில் அவர் பெயரைச் சொல்லவில்லை. 1840-களில், முஸார் இயக்கத்தைத் தொடங்கிய ரபி (யூத மதகுரு) இஸ்ரயேல் சலாந்தரின் முயற்சியால் வில்னாவில், இன்றைய வில்னியஸில், மறுபதிப்பு வந்த பிறகுதான் முஸார்காரர்களிடையே இது பரவியது. சுயநலத்தைக் குறைக்க இதைவிடக் கச்சிதமான கருவி கிடைப்பது அரிது. பணிவு விஷயத்தில் மட்டும் தாளில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பண்பு. மன அமைதியில் தொடங்கி, பொறுமை, ஒழுங்கு என்று போய், லெஃபின் வரிசையில் ஆறாவது வாரம் பணிவு வருகிறது. 13 வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வருடத்துக்கு நான்கு சுற்று. காலையில் அந்த வாரப் பண்புக்கான வாசகத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சலாந்தர் வழியில் இதை ராகம் போட்டு, உணர்ச்சியோடு, திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மௌனமாகக் கண்ணை ஓட்டினால் மதியத்துக்குள் மறந்துவிடும். இரவில் அன்றைய தவறு ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி. மற்ற 12 பண்புகளுக்கும் புள்ளி வைக்கலாம், ஆனால் முயற்சி முழுவதும் அந்த வாரப் பண்பில்தான். சனிக்கிழமை ஷபாத் என்னும் ஓய்வுநாள், எழுதக் கூடாது. வெள்ளி மாலை முதலான கணக்கை சனி இரவு நட்சத்திரம் தெரிந்த பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டியிருக்கும். அந்தப் பத்தி எப்போதும் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தன்னை மெச்சிக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது முதல் மாதத்தில். புள்ளி கூடிக்கொண்டே போகிறதே என்று பயந்துவிடுகிறார்கள். கூடியிருப்பது தவறுகள் அல்ல, உங்கள் கவனம்தான். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. முதல் சுற்றின் ஆறாவது வாரத்தை இரண்டாம் சுற்றின் ஆறாவது வாரத்தோடு வைத்துப் பாருங்கள். இன்னொரு சிக்கல், 'இன்று சுயநலமாக இருந்தேன்' என்று தீர்ப்பு எழுதுவது. எழுத வேண்டியது செயலை: யார் கேட்டார், என்ன கேட்டார், என்ன சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

சுயநலத்துக்கு இந்தத் தாள் பொருந்துவதற்குக் காரணம், தாராளம் எண்ணக்கூடியது. ஆயிரம் காசை ஒரே ஆளிடம் ஒரே தடவையில் கொடுப்பதைவிட, ஒவ்வொன்றாக ஆயிரம் தடவை கொடுப்பதுதான் கையைத் திறக்கப் பழக்கும் என்பது இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸின் வாதம். பெற்றவருக்கு எது நல்லது என்பது அங்கே கேள்வியே அல்ல, கொடுப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதுதான். ஆகவே வாரத்துக்கு எடுக்கும் உறுதி, அவர்கள் மொழியில் 'கபாலா', சின்னதாக, தினசரி நடக்கக்கூடியதாக இருக்கட்டும். அதற்கு நல்ல அளவுகோல் யூதச் சட்டத் தொகுப்பான தால்முத்தின் பாவா மெட்ஸியா ஏட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் நண்பனின் கழுதையிலிருந்து சுமை இறக்க வேண்டும், இன்னொரு பக்கம் பகைவனின் கழுதைமேல் சுமை ஏற்ற வேண்டும். விலங்கின் வேதனையைப் பார்த்தால் இறக்குவதுதான் முதல். ஆனாலும் பகைவனிடம் போ என்கிறது விதி, உள்ளே இருக்கும் தீய இச்சையை அடக்குவதற்காக. பிடிக்காத ஒருவருக்கு நாளுக்கு ஒரு சிறு உதவி: ஒரு வாரம் செய்தால் போதும், தாள் சூடு பிடித்துவிடும்.

பணிவுக்கு வருவோம். கட்டம் காலியாக இருந்தால் பெருமை வருகிறது, பெருமை வந்தால் கட்டம் காலியில்லை. பெருமையை வென்றுவிட்டதாக நினைத்தாலும் என் பணிவைப் பற்றியே பெருமைப்படுவேன் என்று ஃபிராங்க்ளினே எழுதிவைத்திருக்கிறார். லெஃபினின் வாசகம் இதைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போகிறது: எல்லோரிடமிருந்தும் கற்றுக்கொள், உன் குறையைப் பார், பிறர் குறையிலிருந்து கண்ணை எடு என்கிறது. 'நான் தூசு' என்று புலம்பச் சொல்லவில்லை. அதுவரை நல்லது.

தாளின் குறை வேறு இடத்தில். அது பெருமையின் மிகையை மட்டும் எண்ணுகிறது. மரபோ இரண்டு பக்கமும் பார்க்கிறது. மைமோனிடிஸ், மற்றப் பண்புகளில் நடுவழி சொன்னவர், அகந்தையிலும் கோபத்திலும் மட்டும் மறுகோடிக்கே போகச் சொல்கிறார். தால்முத்தின் சோட்டா ஏட்டிலோ, அறிஞனுக்கு எட்டிலொரு பங்கில் எட்டிலொரு பங்கு, அதாவது 64-இல் 1, பெருமிதம் வேண்டும் என்ற கருத்தும் இருக்கிறது. கிட்டின் ஏட்டில் ரபி ஸெஹாரியா பென் அவ்குலாஸ் கதை இன்னும் கடுமை. ரோமப் பேரரசன் பலிக்கு அனுப்பிய கன்றில் பழுது இருந்தது. அதைப் பலியிடவும் அவர் துணியவில்லை, அந்தப் பழுதை உண்டாக்கிக் கொண்டுவந்த சூழ்ச்சிக்காரனைக் கொல்லவும் துணியவில்லை, நாளைக்கு ஜனங்கள் தப்பாகச் சட்டம் பேசுவார்களே என்று. அந்தப் பணிவுதான் எருசலேம் ஆலயத்தை எரித்தது என்கிறார் ரபி யோஹனான்.

எனவே பணிவு வரியின் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு வகைப் புள்ளி வையுங்கள். தன் மகன் தேர்வில் ஜெயித்ததைச் சகஊழியர் சொல்ல, நீங்கள் உடனே உங்கள் மகன் கதைக்குத் தாவினால் கோட்டுக்கு மேலே ஒன்று. கணக்கில் தப்பு இருப்பது தெரிந்தும் 'நான் யார் சொல்ல' என்று கூட்டத்தில் வாய்மூடி இருந்தால் கோட்டுக்குக் கீழே ஒன்று. இரண்டாம் வகைதான் பலருக்கு அதிகம் விழும்.

மாற்றுகளும் உண்டு. முஸாரின் கடுமையான கிளையான நோவார்டோக் பள்ளியில் மாணவர்களை மருந்துக் கடைக்கு அனுப்பி ஆணி கேட்கச் சொன்னார்கள், கேலிக்கு அஞ்சுவதை முறிக்க. ஏற்கெனவே கூனிக்குறுகி இருப்பவருக்கு அது விஷம். அத்தகையவர் இந்தத் தாளைக்கூடத் தனியாக நிரப்ப வேண்டாம். 'வாத்' எனும் சிறு குழுவில் சேர்ந்து செய்வது பத்திரம்.

தாளை நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம், வருடத்துக்கு 52 போதும். யூத நாட்காட்டியில் எலூல் மாதம் மனம்திரும்பும் காலம் என்பதால் பலர் அப்போது தொடங்குகிறார்கள். அடுத்து வரும் திஷ்ரியில் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் என்று எழுதக் கூடாத நாள்கள் அடுக்கடுக்காக வந்து முதல் சுற்றைச் சிதைத்துவிடும். பண்டிகைகள் முடிந்து, அடுத்த மாதமான ஹெஷ்வானின் முதல் ஞாயிறு தொடங்குங்கள்.