கடைக்கு இடும் நட்சத்திரமும் நம் பெயரும்: கூகுள் மேப்ஸ் 'லோக்கல் கைட்ஸ்' சேவை குறித்து

வெளியூரில் சாப்பிட நல்ல ஓட்டல் தேடுபவரும், புதிதாகக் குடிவந்த பகுதியில் பல் மருத்துவரைத் தேடுபவரும் இன்று முதலில் திறப்பது கூகுள் மேப்ஸைத்தான். அங்கே கடைகளுக்கு விழும் நட்சத்திரங்களை நம்பலாமா கூடாதா என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்த நட்சத்திரங்களை இடுபவருக்கு இச்சேவை என்ன செய்கிறது என்பதை மட்டும் அநேகமாக யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. மேப்ஸில் இடங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் படம் ஏற்றுபவர்களுக்கும் புள்ளிகள் தரும், 2015-இல் தொடங்கப்பட்ட 'லோக்கல் கைட்ஸ்' திட்டத்தில் பல ஆண்டுகளாக எழுதிவருபவன் என்ற முறையில், எழுதுபவரின் பக்கமிருந்து அதை மதிப்பிடலாம் என்று தோன்றியது. கடையைப் பற்றி எழுதுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வரியும் நம்மைப் பற்றிய சாட்சியமாகவும் ஒரு பொதுப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகிறது என்பதுதான் இச்சேவையில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

புள்ளிக் கணக்கு எளிமையானது. ஓர் இடத்துக்கு நட்சத்திரம் மட்டும் இட்டால் 1 புள்ளி, விமர்சனம் எழுதினால் 10, அது 200 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் கூடுதலாக 10, படம் ஒன்றுக்கு 5, வரைபடத்தில் இல்லாத ஓர் இடத்தைச் சேர்த்தால் 15. புள்ளிகள் 250-ஐ எட்டும்போது நான்காம் நிலையும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பேட்ஜும் கிடைக்கின்றன. பத்தாம் நிலைக்கு ஒரு லட்சம் புள்ளிகள் வேண்டும். திட்டத்தின் தொடக்க காலத்தில் கூகுள் டிரைவில் இலவச இடம் போன்ற சலுகைகளும் இருந்தன. இப்போது பேட்ஜும், நாம் ஏற்றிய படத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று அவ்வப்போது வரும் மின்னஞ்சலுமே மிச்சம்.

இந்தக் கணக்கில் உண்மைக்கும் நிதானத்துக்கும் தனி மதிப்பெண் கிடையாது. பொறுமையாகக் கவனித்து எழுதியவருக்கும், 'சுவை அருமை, சர்வீஸ் அருமை, பார்க்கிங் அருமை' என்று இருநூறைத் தாண்டும்வரை இழுத்தவருக்கும் ஒரே கூலிதான். நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைக் காணலாம். அங்கே பதில் பயனற்றது என்று பிறர் வாக்களித்தால் எழுதியவரின் மதிப்பில் 2 புள்ளிகள் குறையும். பிறர் பதிலுக்கு எதிராக வாக்களிப்பவரும் தம் கணக்கிலிருந்து 1 புள்ளியை இழந்துதான் அதைச் செய்ய முடியும். குறை சொல்வதற்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். மேப்ஸில் படித்தவர் தம் அதிருப்தியால் எழுதியவரின் புள்ளியைக் குறைக்க வழியே இல்லாததால், ஏழாம் நிலை, எட்டாம் நிலை என்ற பேட்ஜ்கள் ஒருவர் எவ்வளவு எழுதினார் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதைச் சொல்வதில்லை.

நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது பேட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பக்கம். விமர்சனத்தின் மேலே உள்ள பெயரைத் தொட்டால், அவர் வெளியில் காட்ட விட்டுவைத்திருக்கும் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் விரிகின்றன. ஒரு பிரியாணிக் கடையின் கீழ் 'படு மோசம், யாரும் போகாதீர்கள்' என்று ஒற்றை நட்சத்திரத்துடன் ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரைத் தொட்டுப் பார்த்தால் வங்கிக் கிளைக்கு ஒற்றை நட்சத்திரம், கூரியர் அலுவலகத்துக்கு ஒற்றை நட்சத்திரம், திருமண மண்டபத்துக்கும் ஒற்றை நட்சத்திரம். கோபம் வந்தால் மட்டும் பேனாவை எடுக்கும் மனிதர் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. பிரியாணிக் கடைக்கு ஏற்பட்டிருக்க வேண்டிய சேதம் அவர் பெயருக்கு ஏற்பட்டுவிடுகிறது. அதே கடைக்கு இன்னொருவர் மூன்று நட்சத்திரம் இட்டு, 'ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் போனபோது மட்டன் தீர்ந்திருந்தது, குஸ்கா சூடாகவும் உதிரியாகவும் இருந்தது, தால்ச்சா நீர்த்துப்போயிருந்தது, கை கழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை' என்று எழுதியிருக்கிறார். எப்போது போனார், எதைச் சாப்பிட்டார், எது குறை, எது நிறை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த இவரைப் பார்த்திராதவர்கூட, வேறோர் ஊரில் இவர் பரிந்துரைத்த தங்கும் விடுதியை நம்பி அறை எடுப்பார். எனக்குத் தெரிந்தவரை, ஆளை நேரில் அறியாதவரிடத்தில் நற்பெயர் சேர்ப்பதற்கு இதைவிட மலிவான வழி இணையத்தில் குறைவு. இச்சேவையின் பெரிய நன்மையாக நான் இதையே சொல்வேன்.

அதே பக்கம் நாம் சொல்ல நினைக்காதவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, பிள்ளை படிக்கும் டியூஷன் சென்டர், ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஆய்வகம், வேலை பார்க்கும் நிறுவனம் ஆகிய நான்கையும் ஒருவர் நல்ல எண்ணத்தோடு மதிப்பிட்டிருந்தால், அவருடைய அன்றாட வாழ்க்கையின் வரைபடம் தானாகவே உருவாகிவிடுகிறது. கைபேசி எண் அச்சிடப்பட்ட பில்லை அப்படியே படமெடுத்து ஏற்றுபவர்களையும் பார்க்கிறோம். கருத்தடை ஆலோசனைக்கோ மனநல சிகிச்சைக்கோ சென்ற மருத்துவமனையைத் தம் முழுப்பெயரில் மனமாரப் பாராட்டுவது மருத்துவருக்குச் செய்யும் நன்றிதான். ஆனால் நாளை வேலைக்கு எடுக்கப்போகும் அதிகாரியும், பெண் கொடுக்க விசாரிக்கும் உறவினரும் அதைப் படிக்கலாம் என்ற எச்சரிக்கை எழுதும் கட்டத்தின் அருகில் பளிச்சென்று இருந்திருக்க வேண்டும். புனைபெயரும் வேறு படமும் வைத்துக்கொள்ள அண்மையில் வசதி செய்திருக்கிறார்கள். என்றாலும் பதிவுகள் எல்லாம் அந்த ஒரே பெயரின் கீழ்தான் சேர்கின்றன. ஊரையும் தெருவையும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது தெரிந்தவர்களுக்குக் கடினமில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பதிவுகள் நம் பக்கத்தில் தெரியாதபடி மறைக்கலாம். அப்படி மறைத்தாலும் ஒவ்வொரு விமர்சனமும் அந்தந்தக் கடையின் கீழ் பெயரோடு இருந்துகொண்டுதான் இருக்கும்.

கடைக்காரரின் பதிலுக்கும் எழுதியவரின் பெயருக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. மேப்ஸில் விமர்சனத்துக்கு உரிமையாளர் பதில் எழுதலாம். அந்தப் பதிலுக்கு நாம் தனியாக மறுமொழி எழுத இடமில்லை. முதலில் எழுதியதைத் திருத்த மட்டுமே முடியும், திருத்தினால் திருத்தப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கடைசிச் சொல் எப்போதும் கடைக்காரருடையது. 'ஐயா, அன்று மின்தடை இருந்ததால் தாமதமாகிவிட்டது, வருந்துகிறோம், அடுத்த முறை வந்தால் என்னைக் கேளுங்கள்' என்று அவர் பணிவாக இரண்டு வரி எழுதிவிட்டால், மேலே வசைமாரி பொழிந்திருப்பவர் படிப்பவர் கண்ணில் சிறுத்துப்போகிறார். நிதானமான பதில் எழுதத் தெரிந்த கடைக்காரர்கள் இப்போது கூடிவருகிறார்கள். இது வாடிக்கையாளருக்கு நல்லது. ஆத்திரத்தில் தட்டச்சு செய்பவருக்கு நல்லதில்லை.

பெயர் கெடுவதைத் தாண்டி வழக்கு வரைக்கும் போகக்கூடிய எல்லையும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அவதூறு இன்னமும் குற்றவியல் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இரண்டு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்கு வழிவைக்கிறது. பொதுநலன் கருதிச் சொன்ன உண்மைக்கும் நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கும் விதிவிலக்குகள் உண்டு. 'சாம்பார் புளித்திருந்தது' என்று எழுதுவதற்கும், 'இந்தக் கடை முதலாளி திருடன்' என்று எழுதுவதற்கும் நடுவே உள்ள தூரம் இதுதான். முதலாவது நாம் கண்டறிந்தது, இரண்டாவது நம்மால் மெய்ப்பிக்க முடியாதது.

இலவசத்துக்காக இடப்படும் நட்சத்திரங்கள் தனி வகை. பில்லோடு க்யூஆர் அட்டையை நீட்டி, 'ஃபைவ் ஸ்டார் போட்டுட்டு ஸ்கிரீனைக் காட்டுங்க சார், குலாப் ஜாமூன் ஃப்ரீ' என்று கேட்கும் வழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. சலுகைக்குப் பதிலாக மதிப்பீடு வாங்குவது கூகுளின் விதிகளுக்கே எதிரானது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய நுகர்வோர் விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை 2022-இல் வெளியிட்டிருக்கிறது. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்கிறோம். ஜாமூனுக்கு விற்கப்பட்டது வாடிக்கையாளரின் பெயர் என்பதை மறந்துவிடுகிறோம். இதன் முற்றிய வடிவம் 'வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்பு. முகம் தெரியாத ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் இடச் சொல்லிச் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பிறகு 'முதலீடு' என்று பெருந்தொகையைக் கறந்துகொண்டு மறைந்துவிடும் இந்த மோசடியைப் பற்றிக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுகள் எச்சரித்துவருகின்றன. பணத்தைப் பறிகொடுத்தவரின் பக்கத்தில், கால் வைத்தே இராத ஊர்களின் விடுதிகளுக்கு அவர் வழங்கிய பாராட்டுப் பத்திரங்கள் அவராக நீக்கும்வரை நிற்கக்கூடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறு மொழியில் மேப்ஸைப் பார்ப்பவருக்கு நம் விமர்சனத்தைக் கூகுள் தானே மொழிபெயர்த்துக் காட்டுகிறது. 'இட்லியைத் தூக்கி எறிந்தால் சுவர் உடையும், அவ்வளவு நேர்த்தி' என்று நாம் வஞ்சப்புகழ்ச்சியில் எழுதியது, இயந்திரத்தின் வழியாகப் போகும்போது வெறும் புகழ்ச்சியாகவோ பொருளற்ற உளறலாகவோ மாறிவிடலாம். நேரடியாக எழுதப்பட்ட தமிழ் பெரும்பாலும் சேதமில்லாமல் போய்ச் சேர்கிறது.

எழுதுபவரின் பக்கமிருந்து நான் இச்சேவைக்கு ஐந்துக்கு மூன்று தருவேன். எழுதியவரைப் படிப்பவர் சோதித்துப் பார்க்க வழிவிட்டிருப்பதற்கு அந்த மூன்று. எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பதற்கும், என்னென்ன வெளியே தெரியும் என்பதை எழுதும் நேரத்தில் சொல்லாததற்கும் மீதி இரண்டைப் பிடித்துக்கொள்கிறேன். ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டவர்கள் மேப்ஸ் செயலியில் 'உங்கள் பங்களிப்புகள்' பகுதியைத் திறந்தால் பழைய விமர்சனங்கள் அனைத்தையும் பார்க்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். நீக்குவதற்கு முன், நம் தரவுகளைப் பதிவிறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் வழியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடையோடு பின்னால் தகராறு வந்தால் என்ன எழுதினோம் என்பதற்கு அது கையில் இருக்கும்.