பத்மநாபபுரமா, தஞ்சாவூரா? குடும்பத்தோடு ஒரு பகல் கழிக்க எந்த அரண்மனை

தமிழ்நாட்டில் ஒரு பகல் முழுக்கச் செலவழிக்கத் தகுந்த அரண்மனைகள் என்றால் இரண்டுதான்: தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம், தஞ்சாவூர் அரண்மனை. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பார்த்து வாய் பிளக்கலாம். ஆனால் 1636ல் கட்டியதில் இன்று எஞ்சி நிற்பது ஒரு பகுதியே. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

பத்மநாபபுரத்தில் கட்டடமேதான் காட்சிப்பொருள். தஞ்சையில் கட்டடம் பழைய பெட்டி, சரக்கு உள்ளே இருக்கிறது. வீட்டில் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். 1956ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதனால் பண்டிகை நாளில் போவதாக இருந்தால் கேரள விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். வழக்கமான நேரம் காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 5 வரை. 12 மணிக்கு மேல் போய்ச் சேருகிறவர்களுக்குத்தான் சிக்கல்: பாதிச் சுற்றில் விரட்டுவார்கள், அல்லது வாசலில் உட்கார வைப்பார்கள். நிதானமாகச் சுற்ற இரண்டரை மணி நேரம் வேண்டும். 9 மணிக்கு வாசலில் நிற்பதே நல்லது. உள்ளே வெளிச்சம் குறைவு. மரச் சட்டங்கள் வழியாக வருவதுதான். மழை மூட்டமான நாளில் மேற்கூரைச் செதுக்கல் பாதி கண்ணுக்கே தெரியாது.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும். கறுத்துப் பளபளக்கும் அந்தத் தரை சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். காலுறையோடு நடந்தால் வழுக்கும், குழந்தைகளுக்குக் கழற்றிவிடுங்கள். முற்றங்களில் நண்பகல் வெயிலில் கல் சுடும்.

பாதை ஒருவழி, அம்புக்குறி போட்டிருக்கும். முகப்பு மண்டபத்தின் பூவேலைக் கூரை, மன்னர் ஆலோசனை நடத்திய, வண்ண அபிரகத் தகடு பதித்த சன்னல்கள் கொண்ட மந்திரசாலை, ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இரண்டு தள ஊட்டுப்புரை, ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனச் சாடிகள், கடைசியில் கருங்கல் நவராத்திரி மண்டபம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது கிடைக்கும். ஆனால் மரப்படிகள் செங்குத்து, குறுகல். நிலைவாசல்கள் தாழ்வு, உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்வது தினமும் நடக்கும். முழங்கால் வலி உள்ளவர்களால் முதல் மாடியைத் தாண்டுவது கடினம், பின்னால் கூட்டம் வந்துகொண்டிருக்கும்போது இறங்கித் திரும்புவதும் லேசல்ல. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை காலியாக வைத்திருக்க வேண்டும். தள்ளுவண்டிக்கு உள்ளே வேலையே இல்லை.

தஞ்சாவூர் நேர் எதிர். நாயக்கர்கள் தொடங்கியது, மராட்டியர்கள் 1855 வரை இருந்தது. வளாகம் சிதறிக் கிடக்கிறது, பராமரிப்பும் சுமார். பத்மநாபபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரசுவதி மகால் என்று அங்கங்கே தனிச் சீட்டு கேட்பதும் எரிச்சல்தான். ஆனால் அந்தச் சிதறல்தான் குடும்பத்துக்கு வசதி. எதை வேண்டுமானாலும் விடலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முக்கியமானதெல்லாம் பெரும்பாலும் தரைத்தளத்தில், சில படிகளுக்குள்.

நேரம் கொடுக்க வேண்டிய இடம் 1951ல் தொடங்கிய கலைக்கூடம். சோழர் செப்புத் திருமேனிகளை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க முடிகிற இடங்கள் குறைவு. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைத் தேடிப் போங்கள். முதலாம் இராசராசன் காலத்தது, 1011ஐ ஒட்டியது. பாம்புகளைச் சேர்த்துத் தலைப்பாகைபோலச் சுற்றிய சடை, காளைமேல் சாய்த்த கை. அந்தக் காளை இப்போது இல்லை. அது எந்த உயரத்தில் நின்றிருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டால் பத்து நிமிடம் அங்கேயே நிற்பார்கள். அதே ஊரின் கல்யாணசுந்தரர் தொகுதியில் பார்வதியின் நாணத்தைத் தோள் சாய்விலேயே படிக்கலாம். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் நேராக நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். எல்லாச் சிலையையும் பார்க்க முயன்றால் சிறியவர்கள் அரை மணியில் துவண்டுவிடுவார்கள், ஏழெட்டு போதும்.

சரசுவதி மகால் அருங்காட்சியகம் சின்னது, இருபது நிமிடம். மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ புரூன் வரைந்த படங்களின் முன்னால் குழந்தைகள் சிரிப்பது உறுதி. கோபுரப் பகுதியில் வைத்திருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டையும் காட்டிவிடுங்கள், வெண்கலத்தில் ஆர்வமில்லாத ஐந்து வயதுக்காரருக்கு அதுதான் அரண்மனை.

தஞ்சையில் நாளைக் கெடுப்பது இடங்களைத் தப்பான வரிசையில் பார்ப்பது. பெரிய கோயிலை நண்பகலில் வைத்தால் நடை சாத்தியிருக்கும், வெறுங்காலில் கல்தளமும் கொதிக்கும். காலை 7 மணிக்குக் கோயில், 9.30க்கு மேல் அரண்மனை, சாப்பாட்டுக்குப் பிறகு சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். காலையில் பார்த்த சிலை எப்படிப் பிறந்தது என்று மாலையில் புரியும். பத்மநாபபுரத்தோடு சேர்க்க, பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை இருக்கிறது, டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையோடு. வண்டி இருந்தால் 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலமும். பாலத்தில் நடக்கக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தில் தஞ்சை எளிது: ரயில் நிலையத்திலிருந்து கோயிலும் அரண்மனையும் ஆட்டோ தூரம். பத்மநாபபுரத்துக்கு நாகர்கோவில்–திருவனந்தபுரம் பேருந்தில் தக்கலையில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. சபரிமலைக் காலத்தில் கன்னியாகுமரி போகும் பக்தர் கூட்டமும் அங்கே இறங்கும்.

தாத்தா பாட்டியும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையும் வந்தால் தஞ்சாவூர். எல்லோரும் ஏறி இறங்கக்கூடியவர்கள், ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் தயங்காமல் பத்மநாபபுரம். திங்கட்கிழமைதான் உங்களுக்கு ஓய்வு என்றால் யோசிக்கவே வேண்டாம், தஞ்சாவூர்தான்; பத்மநாபபுரம் அன்று மூடியிருக்கும். புதன் என்றால் தஞ்சையில் சரசுவதி மகால் மட்டும் இருக்காது; அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.