சுஜாதா மாஸியோட பர்வீன் மிஸ்திரி நாவல்கள்: கண்டிப்பா படிங்க, வரிசையா படிங்க

சரித்திர மர்ம நாவல், அதுல பொம்பள தான் ஹீரோ, இப்படி யாராவது புக் கேட்டா நான் யோசிக்காம சொல்றது சுஜாதா மாஸி தான். பேர பாத்து நம்ம சுஜாதாவோட குழப்பிக்காதீங்க, இவங்க இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல வளந்தவங்க, அப்பா இந்தியா, அம்மா ஜெர்மனி, பால்டிமோர்ல பத்திரிகை நிருபரா இருந்தவங்க. முன்னாடி ஜப்பான வச்சு ஒரு துப்பறியும் சீரிஸ் எழுதிட்டு அப்புறம் பம்பாய் பக்கம் வந்தாங்க. இந்த சீரிஸோட முதல் புக் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்', 2018ல வந்துச்சு. சில பதிப்புல தலைப்பு 'எ மர்டர்'னு ஆரம்பிக்கும், உள்ள இருக்கிற கதை ஒண்ணு தான், தெரியாம ரெண்டையும் வாங்கிடாதீங்க.

கதை நடக்கிறது 1921 பம்பாய்ல. பர்வீன் பார்சி பொண்ணு, ஆக்ஸ்ஃபோர்ட்ல சட்டம் படிச்சுட்டு வந்து அப்பா ஜம்ஷெட்ஜியோட வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறா. பத்திரம் எழுதலாம், உயில் பாக்கலாம், கட்சிக்காரங்க கிட்ட பேசலாம், ஆனா பொம்பளைங்கறதால கோர்ட்ல எழுந்து நின்னு வாதாட முடியாது. நிஜத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. 1916ல ரெஜினா குஹா வக்கீலா பதிவு பண்ண கேட்டப்போ கல்கத்தா ஹைகோர்ட் முடியாதுன்னுடுச்சு, 1892லயே ஆக்ஸ்ஃபோர்ட்ல சட்டப் பரீட்சை எழுதின கொர்னேலியா சோராப்ஜிய அலகாபாத் ஹைகோர்ட் பதிவு பண்ணினதே 1921ல தான், பொம்பளைங்க வக்கீலாகறதுக்கு தடை இல்லன்னு சட்டம் வந்தது 1923ல. அந்த சோராப்ஜியும், பம்பாய் ஹைகோர்ட்டோட முதல் பெண் பாரிஸ்டர் மித்தன் டாட்டாவும் தான் பர்வீனுக்கு முன்மாதிரி.

முதல் கேஸ் என்னன்னா, ஃபரீத்னு ஒரு மில் முதலாளி செத்துப் போறாரு, அவரோட மூணு மனைவிகளும் பம்பாய்ல பணக்காரங்க இருக்கிற மலபார் ஹில் பகுதில ஒரு பங்களாவுல பர்தாவுல இருக்காங்க, வெளி ஆம்பளைங்க யார் முகத்துலயும் விழிக்க மாட்டாங்க. திடீர்னு மூணு பேரும் அவங்களோட மஹர வக்ஃபுக்கு எழுதிக் கொடுத்துட்டதா ஒரு கடிதம் வருது. மஹர்ங்கறது கல்யாணத்துக்காக புருஷன் மனைவிக்கு கொடுக்கிறது, அந்த பொம்பளையோட சொந்த சொத்து, புருஷன் போன அப்புறம் கைல இருக்கிற பெரிய பிடிமானம், அத ஏன் மூணு பேரும் ஒரே நேரத்துல விட்டுக் கொடுக்கணும்? கையெழுத்துலயும் ஏதோ இடிக்குது. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு வீட்லயே உக்காந்திருக்கிற காரியஸ்தர் ஒருத்தர் வேற. இங்க தான் மாஸி பிரமாதம் பண்றாங்க. எந்த பொம்பளைங்கற காரணத்தால பர்வீனுக்கு கோர்ட் கதவு மூடி இருக்கோ அதே காரணத்தால தான் இந்த வீட்டு உள்கட்டு கதவு அவளுக்கு மட்டும் திறக்குது, பம்பாய்ல எந்த பெரிய வக்கீலாலயும் போக முடியாத இடம் அது. சோராப்ஜியும் 1904லேர்ந்து வங்காளத்துல கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்காக (சொத்த தானே நிர்வகிக்க முடியாதவங்களோட எஸ்டேட்ட பாத்துக்கிற அரசு அமைப்பு) இதே மாதிரி பர்தா பெண்களோட சொத்து விவகாரத்த தான் பாத்தாங்க.

அப்புறம் அந்த பங்களாவுல ஒரு கொலை விழுது. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

ஆனா எனக்கு அந்த கொலைய விட நெஞ்சு படபடன்னு அடிச்சது நடு நடுவுல வர்ற பர்வீனோட பழைய 1916 கதைக்கு தான். சட்டக் கல்லூரில பசங்க பண்ற அட்டூழியத்துல நொந்து போயிருக்கிற நேரத்துல கல்கத்தாலேர்ந்து வந்த சைரஸ காதலிச்சு கல்யாணம் பண்ணிட்டு போறா. மாமியார் வீட்ல மாசா மாசம் தீட்டு நாள்ல ஒரு சின்ன ரூம்ல அடைச்சு வைப்பாங்க, குளிக்க கூட விட மாட்டாங்க. அந்த அத்தியாயங்கள படிக்கிறப்போ எனக்கு கோவத்துல கை நடுங்குச்சு. புருஷனும் சரியில்ல. சரி விவாகரத்து வாங்கிடலாமேன்னு பாத்தா 1865 பார்சி திருமணச் சட்டம் குறுக்க நிக்குது, புருஷன் விலைமாது கிட்ட போனா அத காரணம் காட்டி மனைவி விவாகரத்து கேக்க முடியாதுன்னு அதுல எழுதியே இருக்கு! 1936 வரைக்கும் அது தான் நடைமுறை. கொலைகாரன் யாருங்கற கேள்விய விட, இந்த பொண்ணு எந்த சட்டப் பிரிவ பிடிச்சு வெளிய வரப்போறாங்கற கேள்வி தான் என்ன தூங்க விடல.

பர்வீன் கத்தி சுத்துறதில்ல, பஞ்ச் டயலாக் பேசுறதில்ல. பேப்பர ஒழுங்கா படிக்கிறா, கேக்க வேண்டியத கேக்குறா, பயந்தாலும் திரும்ப போறா. அதான் எனக்கு அவள பிடிச்சது. ஆக்ஸ்ஃபோர்ட் தோழி ஆலிஸ், வெள்ளைக்கார அதிகாரியோட பொண்ணு, அவங்க நட்புல அன்பும் இருக்கு, ஆள்றவங்க ஆளப்படுறவங்கங்கற இடைவெளியும் இருக்கு, அத மாஸி பூசி மெழுகல.

குறையும் இருக்கு. வெளிநாட்டு வாசகருக்காக சாப்பாடு, சடங்கு, சொந்தக்காரங்க பேரு எல்லாத்தையும் நிறுத்தி நிறுத்தி விளக்குவாங்க, நமக்கு சில இடம் இழுவையா இருக்கும். முதல் புக்ல கொலைக்கான விடை கடைசில அவசர அவசரமா கொட்டுது. ரெண்டாவது 'தி சதாபூர் மூன்ஸ்டோன்' (2019) சஹ்யாத்ரி மலைல ஒரு சமஸ்தானம், சின்ன மகாராஜா எங்க படிக்கணும்னு ரெண்டு ராணிகளுக்குள்ள சண்டை, இடம் அழகு, ஆனா பாதி வரைக்கும் நகரவே மாட்டேங்குது. மூணாவது 'தி பாம்பே பிரின்ஸ்' (2021) செம வேகம். 1921 நவம்பர் 17, வேல்ஸ் இளவரசர் பம்பாய்ல வந்து இறங்குற நாள், காங்கிரஸ் பகிஷ்காரம், வரவேற்புக்கு போன பார்சிகள் மேல தாக்குதல், ஊரே பத்தி எரியுது, அதுக்கு நடுவுல ஒரு பார்சி காலேஜ் பொண்ணோட சாவு. வெளிய தெருவுலயும் பயம், கேஸ்லயும் பயம்.

நாலாவது 'தி மிஸ்ட்ரஸ் ஆஃப் பாட்டியா ஹவுஸ்' (2023), கருக்கலைப்பு பண்ணிட்டான்னு ஒரு பணக்கார வீட்டு ஆயா மேல புகார், போலீஸ் பிடிச்சுட்டு போகுது. புகார் கொடுத்தது யாரு, ஏன்ங்கறது தான் முடிச்சு. ஏழை பொம்பளைன்னா சட்டம் எவ்ளோ சுலபமா கைய வைக்குதுன்னு இதுல காட்டின மாதிரி மத்த மூணுலயும் காட்டல, என் கணக்குல முதல் புக்குக்கு அடுத்த இடம் இதுக்கு தான்.

இங்கிலீஷ் எளிமையா தான் இருக்கு, தைரியமா எடுக்கலாம். முதல் புக்க மட்டும் தாண்டாதீங்க, அந்த கல்யாணக் கதை தெரியாம போனா பின்னாடி பர்வீன் ஒரு ஆம்பள கிட்ட சாதாரணமா பேசவே ஏன் இவ்ளோ யோசிக்கிறான்னு புரியாது. நாலாவதுல கதை 1922ல நிக்குது, பொம்பளைங்க வக்கீலாகறதுக்கு தடை இல்லன்னு சொன்ன அந்த 1923 சட்டத்துக்கு கிட்ட வந்தாச்சு. பர்வீன் கோர்ட்ல எழுந்து நின்னு வாதாடுற புக் எப்ப வந்தாலும் நான் முதல் ஆளா வாங்குவேன்.