அடர்த்தி: சூத்திரம் முதலிலா, முட்டை முதலிலா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடர்த்தியைச் சொல்லித்தர இரண்டு வழி. நிறையைக் கன அளவால் வகுக்கும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதலாம். வேகமான வழி, தேர்வுக்கு உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று, டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போடுவது. மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் தண்ணீரின் அடர்த்தி கூடி, முட்டை மெல்ல எழுந்து மிதக்கும். "அப்போ கடல் தண்ணில மிதக்கறது சுலபமா?" என்று மெரினாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தானே கேட்கும்.

ஏறக்குறைய 7 முதல் 11 வயதுவரை, கண்முன் இருக்கும் பொருளை வைத்தே பிள்ளைகள் தர்க்கம் செய்கிறார்கள் என்றார் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. விகிதத்தை மனத்துக்குள்ளேயே கையாளும் திறன் அப்புறம்தான் வருகிறது. அடர்த்தியும் ஒரு விகிதம்தானே! (14 வயதிலும் திணறுபவர்கள் உண்டு, அதை மந்தம் என்று சொல்லாதீர்கள்.)

சூத்திரம் பின்னால் வரட்டும், சரி. நான் முதலில் முட்டையைத்தான் எடுப்பேன்.