நீலகிரிக் குளிருக்கு ஓஎஸ்பி பலகை: கூரைக்குச் சரி, சுவருக்கு நிபந்தனையோடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரச்சட்டத்தில் கட்டும் சிறு வீட்டுக்கும் காட்டேஜுக்கும், சரிவுக் கூரையில் ஷிங்கிள்ஸுக்கோ (ஓடு போல அடுக்கி ஒட்டும் தார் வில்லைகள்) தகரத்துக்கோ அடியில் போட 12 மி.மீ. ஓஎஸ்பி 3 (ஓரியன்டட் ஸ்ட்ராண்ட் போர்டு எனும் மரச்சீவல் பலகையில் ஈரம் தாங்கும் தரம்) நல்ல பலகை. சுவருக்கும் போடலாம், ஆனால் பலகையின் வெளிப்பக்கம் என்ன வருகிறது என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும். தட்டைக் கூரை, குளியலறையின் ஈரச் சுவர், மண்மேட்டை ஒட்டிய பின்சுவர், இந்த மூன்றுக்கும் வேண்டவே வேண்டாம்.

பலகை என்னவோ எளிமையானதுதான். நீளநீளமான மரச்சீவல்களைப் பிசினும் மெழுகும் கலந்து சூட்டில் அழுத்தியது. மேல், கீழ் அடுக்குச் சீவல்கள் பலகையின் நீளவாக்கிலும் நடு அடுக்கு குறுக்கேயும் படுத்திருக்கும். அதனால் பலம் பெரும்பாலும் 8 அடி நீளத்தின் திசையில் இருக்கிறது. நீளப் பக்கம் கைமரங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும். துண்டு மிச்சமாகிறதே என்று திருப்பிப் போட்டால், ஆள் ஏறி மிதித்ததும் தொய்யும்.

கடையில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, பலகையின் முகத்தில் அடித்திருக்கும் முத்திரையை. ஐரோப்பியப் பலகை என்றால் ‘இஎன் 300’, ‘ஓஎஸ்பி 3’ என்று இருக்கும். ஓஎஸ்பி 2 பார்வைக்கு அப்படியே இருந்தாலும் உலர்ந்த இடத்துக்கு மட்டுமே ஆனது. மூடுபனி வீட்டுக்குள் நுழையும் ஊரில் அதற்கு வேலையில்லை. அமெரிக்க, கனடியப் பலகையில் ‘24/16’ போன்ற எண் இருக்கும். கூரையில் கைமர இடைவெளி 24 இன்ச் வரையும் தரையில் 16 இன்ச் வரையும் தாங்கும் என்று அர்த்தம். முத்திரையே இல்லாத பலகை பேக்கிங் பெட்டி செய்ய வந்ததாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பலகையின் நடுப்பகுதியிலிருந்து 50 மி.மீ. சதுரத் துண்டுகள் நாலைந்து வெட்டி, வெர்னியரில் தடிமன் அளந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்து மறுபடி அளக்க வேண்டும். ஓஎஸ்பி 3-க்கு 15 சதவீதம் வரை உப்பல் அனுமதி, அதாவது 12 மி.மீ. துண்டு 13.8-க்குள் நிற்க வேண்டும். ஓஎஸ்பி 2-க்கு 20, ஓஎஸ்பி 1-க்கு 25 சதவீதம். துண்டு 15 மி.மீ. காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மேலே சொன்ன உப்பல் எல்லாம் விளிம்பில்தான் தொடங்கும். பலகையின் முகத்தில் விழுந்த தண்ணீர் வழிந்து போகும். விளிம்பில் பட்டது சீவல்களுக்கு நடுவே ஊறிக்கொண்டே உள்ளே போகும். தேநீரில் முக்கிய பிஸ்கட் மாதிரி ஓரம் மட்டும் தடித்துச் சொரசொரப்பாகும், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்கு வராது. அதன்மேல் ஷிங்கிள்ஸ் ஒட்டினால் நான்கடிக்கு ஒரு வரி தடித்து, காலை வெயில் சாய்வாகப் படும்போது கூரை விலா எலும்பு தெரியும் மாடு போல இருக்கும். பல தொழிற்சாலைகளில் விளிம்புக்கு மெழுகுப் பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். நாம் வெட்டிய விளிம்புக்கு அது கிடையாது. வெளிப்புற அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட், வெட்டிய அன்றே. பத்து நிமிட வேலை. பெரும்பாலான இடங்களில் நடக்காத வேலையும் இதுதான்.

அடுத்து அளவு. 20 அடி அகலம், 30 அடி நீளம், ஓரடிக்கு அரையடி ஏறும் இருசரிவுக் கூரை என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டம் விட்டால் சரிவின் நீளம் 12 அடி 10 இன்ச் வரும். நாலடி அகலப் பலகையை மூன்று வரிசை போட்டு மேலே 10 இன்ச் கீற்று ஒட்ட வேண்டியிருக்கும். இரண்டடிக்குக் குறைந்த கீற்று கூரையில் பலவீனம், மிச்சத் துண்டும் வீண். நீட்டத்தை இரண்டரை அடியாக்கினால் சரிவு சரியாக 14 அடி, அதாவது மூன்றரை வரிசை. ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் அரை வரிசைக்கு இரண்டு கீற்று கிடைக்கும். இரு பக்க முக்கோணச் சுவருக்கு வெளியே ஓரடி விட்டு மொத்த நீளம் 32 அடி என்றால், சரிவுக்கு 14, இரண்டு சரிவுக்கும் 28 பலகை. உடைசலுக்கு இரண்டு சேர்த்து 30. சாரல் சுவரில் அடிக்கும் ஊரில் இரண்டரை அடி நீட்டம் எப்படியும் தேவை.

கைமர இடைவெளியில் ஒரு கணக்குப் பிசகு அடிக்கடி நடக்கிறது. ஆசாரி டேப்பில் இரண்டடிக்கு இரண்டடி குறித்துவிடுகிறார். அது 609.6 மி.மீ. பலகையோ 2440 மி.மீ., அதோடு இரண்டு பலகைக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி. நான்காவது பலகை முடியும்போது ஓரம் கைமரத்தின் மையத்திலிருந்து 18 மி.மீ. நகர்ந்திருக்கும். கைமரத்தின் அகலமே 50 மி.மீ.தான், அடுத்த பலகையின் ஆணிக்குப் பிடிக்க மரம் மிஞ்சாது. மையத்துக்கு மையம் 611 மி.மீ. குறித்தால் தொல்லை இல்லை. ஏற்கெனவே கைமரம் ஏற்றியாகிவிட்டது என்றால் ஒவ்வொரு பலகையிலும் 4, 5 மி.மீ. சீவி எடுப்பதைத் தவிர வழியில்லை.

அந்த 3 மி.மீ. இடைவெளியை யாரும் தவிர்க்கக் கூடாது. ஓசூர் கிடங்கிலோ கோவைக் கிடங்கிலோ காய்ந்து கிடந்த பலகை மலையேறியதும் ஈரம் இழுத்து விரியும். நெருக்கி அடித்திருந்தால் விரிய இடமின்றி மேலே வளையும். இரண்டரை இன்ச் ஆணியை நடுவில் வைத்து அடித்துவிட்டு உருவினாலே இந்த இடைவெளி வந்துவிடும். நீளவிளிம்பில், கைமரங்களுக்கு நடுவே எச் வடிவ அலுமினிய கிளிப் ஒன்று மாட்டினால் இரண்டு பலகையும் ஒன்றாக நிற்கும், ஒன்றை மிதித்தால் மற்றது மேலே எழும்பாது. குரங்குக் கூட்டம் தினமும் குதிக்கும் கூரைக்கு இது அதிகப்படி அல்ல.

இரண்டாவது வரிசையை அரைப் பலகையில் தொடங்கினால் மூட்டுகள் ஒரே கைமரத்தில் வரிசையாக விழாது. எந்தத் துண்டும் குறைந்தது மூன்று கைமரத்தின் மேல் உட்கார வேண்டும். சொரசொரப்பான முகம் மேலே, முத்திரையுள்ள வழவழப்பு கீழே. ஜனவரிக் காலையில் உறைபனி படிந்த பலகையின் சொரசொரப்பு முகத்தில் கூடக் கால் நிற்காது. வெயில் ஏறிக் காய்ந்த பிறகுதான் மேலே ஆள் ஏற வேண்டும்.

ஆணி: இரண்டரை இன்ச், சூடான துத்தநாகத்தில் முக்கியது. பலகையின் இரு முனையிலும் 6 இன்ச்சுக்கு ஒன்று, நடுக் கைமரங்களில் 12 இன்ச்சுக்கு ஒன்று, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே. இப்படி அடித்தால் முழுப் பலகைக்கு 33 ஆணி. மேலே சொன்ன கூரைக்குச் சுமார் ஆயிரம், ஐந்து கிலோ வாங்கினால் போதும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவைக் கொண்டு வந்தால் அனுமதிக்க வேண்டாம். அது உறுதியானது போலத் தெரியும், ஆனால் வளையத் தெரியாது. காற்றில் கூரை அசைந்தால் தலை துண்டாகத் தெறிக்கும், ஈரத்தில் சீக்கிரமே துருவும் பிடிக்கும். கம்ப்ரஸர் துப்பாக்கியில் அழுத்தம் கூடினால் ஆணித்தலை பலகைக்குள் புதைந்து சீவல் அறுந்துவிடும். தலை முகத்தோடு முகமாக நிற்க வேண்டும். புதைந்தது என்றால் பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

ஒரு நாளில் எத்தனை பலகையை மாலைக்குள் அண்டர்லே (பலகைக்கு மேல் விரிக்கும் நீர்த்தடுப்பு விரிப்பு) போட்டு மூட முடியுமோ அத்தனையை மட்டும் ஏற்றுவது நல்லது. அண்டர்லே கீழிருந்து மேலே, மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மேல் 100 மி.மீ.க்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும், முனை மூட்டில் 150. கூரைச் சரிவு சுவரில் முட்டும் இடத்தில், தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிப் பீலியில் விடும் சிறு மடிப்புத் தகடு ஒன்று வேண்டும். உள்ளங்கை அளவுதான். அது இல்லாத வீடுகளில் சுவர்ப் பலகை அந்த மூலையிலிருந்துதான் அழுகத் தொடங்குகிறது.

கூரைக்குள் காற்று ஓட்டம் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. சமையல், வெந்நீர்க் குளியல், மூடிய ஜன்னல். உள்ளே இருக்கும் ஈரக் காற்று மேலேறி, இரவுக் குளிரில் பலகையின் அடிமுகத்தில் வேர்த்துவிடும். கூரை ஒழுகுகிறது என்று ஷிங்கிள்ஸைப் பிரித்துப் பார்த்தால் மேலே காய்ந்துதான் இருக்கும். 600 சதுர அடி மேல்தளத்துக்கு 4 சதுர அடி திறப்பு, பாதி கூரை ஓரத்தின் அடியில், பாதி முகட்டில். எலி, வௌவால் நுழையாமல் இருக்க எவர்சில்வர் வலை.

சுவருக்கு வருவோம். அடிச்சட்டத்தின் கீழிருந்து மேல்சட்டத்தின் தலைவரை ஒரே பலகை போர்த்தினால்தான் சுவர் ஆடாது. செங்கல் வீட்டுப் பழக்கத்தில் 10 அடி உயரம் வைத்துவிட்டு, 8 அடியில் வரும் மூட்டுக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் விடுகிறார்கள். நிற்கும் சட்டங்களுக்கு நடுவே அந்த உயரத்தில் குறுக்குக் கட்டை வைத்து இரண்டு விளிம்பையும் அதில் ஆணி அடிக்க வேண்டும். ஆணி இடைவெளி கூரைக்குச் சொன்னதே, நாலு விளிம்பிலும் 6 இன்ச். பலகையின் கீழ்விளிம்பு தரைமட்டத்திலிருந்து 8 இன்ச் மேலே, சிமென்ட்டைத் தொடாமல். சிதல் (கறையான்) உள்ள இடமென்றால் அஸ்திவாரத்திலேயே ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதியின் முறையில் மருந்து விட்டிருக்க வேண்டும். சாதாரண ஓஎஸ்பி சிதலைத் தடுக்காது.

சுவரில் பெரிய தப்பு, பலகைக்கு வெளியே பாலித்தீன் ஷீட்டோ நீலத் தார்ப்பாயோ சுற்றி அதன்மேல் வெளி மூடலை (வெளியே தெரியும் மேற்பூச்சுப் பலகை) அடிப்பது. மழை உள்ளே வராது, சரி. உள்ளிருந்து வரும் நீராவியும் வெளியே போகாது. வெளியே தண்ணீரைத் தடுத்து ஆவியை விடும் ஹவுஸ்ராப் எனும் உறைதான் வேண்டும். அதன்மேல் 20 மி.மீ. ரீப்பர் நிறுத்தி, மேலும் கீழும் காற்றுக்கு வழிவிட்டு, பிறகு வெளி மூடல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் எந்த வெளி மூடலும் சாரலை முழுக்க நிறுத்தாது. உள்ளே புகுந்தது வழிந்து போகவும் காயவும் அந்த 20 மி.மீ. சந்துதான் வழி.

கணப்பு வைக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. செங்கல் புகைபோக்கிக்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி, ஒற்றைச் சுவர் இரும்புக் குழாய் என்றால் 450 மி.மீ. பலகையில் ஓட்டை போட்டு இரும்புக் குழாயை நேரே செருகுவது தீ வைப்பதற்குச் சமம்.

மாற்றுப் பொருளோடு ஒப்பிட்டால், ஐஎஸ் 710 தர மெரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) விளிம்பில் குறைவாக உப்பும், நனைந்தால் சீக்கிரம் காயும். விலை கையைக் கடிக்கும். சிமென்ட் ஃபைபர் போர்டு தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் கனம் இரட்டிப்புக்கு மேல், விளிம்பில் ஆணி அடித்தால் தெறிக்கும். குளியலறைக்கு அதுதான் சரி. தகரக் கூரைக்கு அடியில் ஓஎஸ்பி போடுவதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: மழை பெய்தால் வீட்டுக்குள் பேச முடியாத அந்தத் தகரச் சத்தம் நன்றாக அடங்கும், பனித்துளி தலையில் சொட்டாது.

வாங்கும் நேரம் முக்கியம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழைக் காலம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான் நம்பலாம், ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்த்துவிடும். 12 மி.மீ. பலகை ஒன்று 22 கிலோவுக்குக் குறையாது, ரோட்டிலிருந்து படியிறங்கித் தூக்க வேண்டிய வீட்டுக்கு ஆள்கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காற்று நாளில் ஒரு பலகைக்கு இரண்டு ஆள், இல்லாவிட்டால் பலகை ஆளைத் தூக்கும். இறக்கியதும் மூன்று கட்டை மேல் சமமாக அடுக்கி, இறுக்கக் கட்டிய பட்டையை வெட்டிவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். முழுக்கச் சுற்றி மூடிய அடுக்கு ஒரு வாரத்திலேயே உள்ளே வேர்த்து ஓரம் தடித்துவிடும், கூரைக்கு ஏறும் முன்பே.