டபிள்யூஎம்ஐ வரம்புகளை மாற்றியமைத்த மூன்று ஆண்டுகள்: கண்காணிக்கப்படும் சர்வர்களிலிருந்து ஓர் அனுபவம்

விண்டோஸ் சர்வர்களின் நிலையைக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றின் வழியாகக் கவனித்துக்கொள்வது என் அன்றாடப் பணி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சில சர்வர்களிலிருந்து மட்டும் வட்டின் காலியிடம், சேவைகளின் நிலை போன்ற விவரங்கள் திடீர் திடீரென நின்றுபோய், அவற்றுக்குப் பதிலாக "கோட்டா வயலேஷன்" (வரம்பு மீறல்) என்ற பிழைச்செய்தி வரத் தொடங்கியது. சர்வரோ நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் விவரங்களும் தாமாகவே திரும்பிவிடும் என்பதால், நெட்வொர்க் கோளாறு என்றே முதலில் நினைத்துப் பல நாட்களை வீணாக்கினேன்.

உண்மைக் காரணம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடுகளுள் ஒன்றான அப்ளிகேஷன் லாக்கில், 5612 என்ற எண்ணுள்ள நிகழ்வாகப் பதிவாகியிருந்தது. கணினியின் நிலையைப் பிற மென்பொருள்கள் கேட்டறிய விண்டோஸிலேயே உள்ள வசதிதான் டபிள்யூஎம்ஐ. அதன் கேள்விகளுக்குப் பதில் தரும் புரொவைடர்கள் எனும் சிறு கூறுகள் 'டபிள்யூஎம்ஐபிஆர்விஎஸ்இ' என்ற புராசஸுக்குள் இயங்குகின்றன. அந்தப் புராசஸ் ஒன்றுக்கு 512 எம்பி நினைவகம், 4096 ஹேண்டில்கள் (கோப்பு போன்றவற்றைத் திறந்து வைத்திருப்பதற்கான அடையாளங்கள்), 256 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) என்றும், அத்தகைய புராசஸ்கள் அனைத்துக்கும் சேர்த்து 1 ஜிபி என்றும் விண்டோஸ் இயல்பாகவே வரம்பு வைத்திருக்கிறது. வரம்பைத் தொடும் புராசஸை டபிள்யூஎம்ஐ நிறுத்திவிடுகிறது. ஒரே புராசஸைப் பல புரொவைடர்கள் பகிர்ந்துகொள்வதால், யாரோ கேட்ட கனமான கேள்விக்காக, எதுவுமே தவறு செய்யாத கண்காணிப்பு மென்பொருளின் சிறிய கேள்வியும் சேர்ந்து அடிபடுகிறது. இது புரிந்த பிறகுதான், பிழை ஏன் நேரம் காலமில்லாமல் வருகிறது என்பதும் விளங்கியது.

வரம்புகள் '__புரொவைடர்ஹோஸ்ட்கோட்டாகான்ஃபிகரேஷன்' என்ற கிளாஸில் உள்ளன. டபிள்யூஎம்ஐ தன் கிளாஸ்களை நேம்ஸ்பேஸ் எனும் பிரிவுகளில் வைத்திருக்கிறது. வழக்கமாக நாம் திறக்கும் சிம்வி2 நேம்ஸ்பேஸில் தேடினால் இது கிடைக்காது; எல்லாவற்றுக்கும் மேலுள்ள ரூட்டில் நேரடியாக இணைய வேண்டும். நிர்வாகி உரிமையுடன், விண்டோஸுடனேயே வரும் டபிள்யூபெம்டெஸ்ட் கருவியைத் திறந்து மாற்றலாம். பல சர்வர்கள் இருந்தால் விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லே வசதி. மதிப்பைப் பைட்டில் எழுத வேண்டும் என்பதை மறக்கவே கூடாது: 1 ஜிபி என்றால் 1073741824. எம்பி என்று எண்ணிக்கொண்டு 1024 என எழுதினால், அது ஒரே ஒரு கிலோபைட்டாகிவிடும். நான் ஒரு புராசஸுக்கான நினைவக வரம்பாகிய 'மெமரிபெர்ஹோஸ்ட்' மதிப்பை 1 ஜிபியாகவும், ஹேண்டில் வரம்பை 8192 ஆகவும் உயர்த்தினேன். ஆனால் எல்லாப் புராசஸ்களுக்கும் சேர்த்த வரம்பாகிய 'மெமரிஆல்ஹோஸ்ட்ஸ்' மதிப்பை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே புராசஸ் மொத்த ஒதுக்கீட்டையும் விழுங்கிவிடக்கூடிய ஏற்பாடாக அது அமைந்துவிட்டதைச் சில வாரங்கள் கழித்தே கவனித்து, அதையும் 2 ஜிபியாக உயர்த்தினேன். மாற்றம் நடைமுறைக்கு வர டபிள்யூஎம்ஐ சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால், அதைச் சார்ந்த சேவைகளும் உடன் நிற்கும். எனவே பராமரிப்பு நேரத்தில் சர்வரையே மறுதொடக்கம் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஓராண்டுக்கும் மேல் பிழை தலைகாட்டவில்லை. பின்னர் மூன்று சர்வர்களில் அது மீண்டும் வந்தது. வரம்பை இன்னும் உயர்த்தலாம் என்ற எண்ணமே முதலில் எழுந்தது. அதைச் செய்யாமல் நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு என்று இப்போதும் கருதுகிறேன். டபிள்யூஎம்ஐ-ஆக்டிவிட்டி பிரிவின் ஆபரேஷனல் லாக்கில் 5858 என்ற நிகழ்வைத் திறந்தால், தோல்வியடைந்த கேள்வி, அதைக் கேட்ட கணினி, பயனர், புராசஸ் எண் ஆகியவை வரிவரியாக இருக்கும். அங்கே திரும்பத் திரும்பத் தென்பட்டது எங்கள் கண்காணிப்பு மென்பொருள் அன்று. தணிக்கைக்காக எழுதப்பட்ட பழைய ஸ்கிரிப்ட் ஒன்று, நிகழ்வுப் பதிவேடுகளைத் தரும் 'வின்32_என்டிலாக்ஈவென்ட்' என்ற டபிள்யூஎம்ஐ கிளாஸிடம் எந்தக் கால வரம்பும் குறிக்காமல் செக்யூரிட்டி லாக் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். புராசஸின் நினைவகம் சில பத்து எம்பியிலிருந்து படிப்படியாக ஏறி, வரம்பை நெருங்கியதும் அப்படியே மறைந்து, வேறு எண்ணுடன் புதிதாக முளைத்தது. செக்யூரிட்டி லாக்கின் உச்ச அளவை இடையில் ஒருமுறை பெரிதாக்கியிருந்தோம். முன்பு போதுமாக இருந்த 1 ஜிபி இப்போது போதாமல் போனதற்கு அதுவே காரணம்.

அந்த ஸ்கிரிப்டை டபிள்யூஎம்ஐ வழியாக அன்றி, 'கெட்-வின்ஈவென்ட்' கட்டளையில், கடந்த 24 மணி நேரத்து நிகழ்வுகளை மட்டும் எடுக்கும்படி மாற்றி எழுதினோம். அதோடு அந்தச் சர்வர்களில் பிழை நின்றது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்றும் உண்டு. வின்ஆர்எம் எனும் விண்டோஸ் தொலைநிலை நிர்வாகச் சேவை வழியாகத் தொலைவிலிருந்து பவர்ஷெல் இயக்கும்போது, ஒரு ஷெல்லுக்கான (அந்தத் தொலை இணைப்பில் கட்டளைகள் ஓடும் அமர்வுக்கான) நினைவக வரம்பு தனியாக உள்ளது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்தில் 150 எம்பியாக இருந்தது, 2012 முதல் 1024 எம்பி. அங்கே வரும் நினைவகப் பிழைக்கு டபிள்யூஎம்ஐ வரம்பை மாற்றுவதால் பயன் ஏதும் இல்லை.

இன்று என் பொறுப்பில் உள்ள பெரிய சர்வர்களில் மட்டுமே உயர்த்தப்பட்ட வரம்புகள் உள்ளன. 4 ஜிபி ரேம் மட்டுமே கொண்ட சிறிய கணினிகளை, இரண்டாவது முறை பிழை வந்தபிறகு, இயல்பான 536870912 பைட்டுக்கே திருப்பிவிட்டேன்; அவற்றில் 5612 நிகழ்வு வந்தால் உடனே எனக்கு எச்சரிக்கை அனுப்பும்படி கண்காணிப்பில் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறேன்.